கட்டாத ரசம்

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலருகே நின்று வடக்கே பார்த்தால், மேகம் விலகிய காலைகளில் பழனி மலைக்கோயில் தெரியும். அங்கே இருக்கும் மூலவரைப் போகர் என்ற சித்தர் நவபாஷாணங்களைக் கட்டிச் செய்தார் என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. ஒன்பது நஞ்சுகளின் பட்டியலை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் வீரம், பூரம், லிங்கம் மூன்றும் வந்துவிடும். மூன்றிலும் பாதரசம் உண்டு. சித்த மருத்துவத்தில் பாதரசத்தை எடுத்த எடுப்பில் யாரும் தொடுவதில்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும், பிறகு கட்ட வேண்டும். கட்டிய ரசத்துக்கு மணி என்று பெயர். கட்டாத ரசம் வெறும் நஞ்சு. அது மருந்தாகுமா ஆகாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பாதரசத்தைக் கண்டு அஞ்சவும், அந்த அச்சத்துக்கு ஒரு முறைமை வகுக்கவும் தெரிந்த மரபு இந்த மலையடிவாரத்தில் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

அதே மலைத்தொடரின் உச்சியில், செயின்ட் மேரிஸ் சாலையில், 1980களின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் மூடப்பட்ட ஆலை அது. இயந்திரங்களோடு பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி. 1998இல் அது இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் ‘தெர்மாமீட்டர் கம்பெனி’ என்றுதான் சொல்கிறார்கள். உற்பத்தியில் பெரும்பகுதி கப்பலேறியது. ஆலையின் பின்புறம் மலை சரிந்து பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. பாம்பாறு அங்கிருந்து கீழே வந்து பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. நாங்கள் பள்ளி விடுமுறையில் குளித்த அருவி.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊராரும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசமும் பாதரசம் கலந்த கழிவுமாகச் சுமார் 290 டன் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. மண்ணில் கலந்ததும் காற்றில் போனதும் உடம்பில் ஏறியதும் திரும்பிப் போகவில்லை. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு வரவில்லை என்று கம்பெனி தொடர்ந்து சொல்லிவந்தது. வழக்கு ஒவ்வோர் ஆண்டாக நகர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2015 ஜூலை 30 அன்று ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற பாட்டு வெளிவந்தது. அதைப் பற்றித் தமிழில் செய்திகள் ஏராளமாக வந்தன. பாட்டாக எடுத்துக்கொண்டு யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அந்தக் குறை இத்தனை ஆண்டுகளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். விளம்பரத் துறையில் வாசகம் எழுதும் வேலை பார்த்தவர். 2008இல் சென்னையில் நடந்த ‘ஜஸ்டிஸ் ராக்ஸ்’ இசை நிகழ்ச்சியில், தலைமுக்காட்டோடு மேடையேறி, போபால் நச்சுவாயுக் கொடுமையை முன்வைத்து டௌ நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் ராப் பாடிக் கவனம் பெற்றவர். கொடைக்கானல் பாட்டின் காட்சியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ஜட்கா என்ற அமைப்பு வெளியிட்டது. சென்னையின் வெட்டிவேர் கூட்டமைப்பு துணை நின்றது. மெட்டு இரவல். அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாட்டினுடையது. அந்தப் பாட்டே 1992இல் சர் மிக்ஸ்-அ-லாட் பாடிய ஒரு பாட்டிலிருந்து துண்டெடுத்துக் கட்டியதுதான். ஆக மூன்றாவது கைக்கு மாறிய மெட்டு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு வாரத்துக்குள் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்த்துவிட்டார்கள். நிக்கி மினாஜே அதைத் தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவரின் அப்போதைய தலைமை நிர்வாகி பால் போல்மன் பதில் சொல்ல வேண்டிவந்தது. பதினான்கு ஆண்டுகளாக மனுக்களும் ஊர்வலங்களும் அறிக்கைகளும் எட்டாத வாசலை மூன்று நிமிடப் பாட்டு எட்டியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம் என்றது. தொகையை வெளியே சொல்லவில்லை. எல்லாம் பாட்டால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய கால்கள் அந்த உடன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைசி ஏழெட்டு மாதங்களில் பாட்டின் அழுத்தம் இல்லை என்றும் எவராலும் சொல்ல முடியாது.

மெட்டு இரவலானதைக் குறையாகச் சொன்ன நண்பர்கள் உண்டு. சொந்தமாக ஒரு மெட்டுப் போடத் தெரியாதா என்று கேட்டார்கள். தமிழில் இப்படிக் கேட்பது நியாயமில்லை. குஜிலிக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று போட்டிருக்கும். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என எல்லாமே தெரிந்த மெட்டில்தான் ஊர் ஊராகப் போயின. மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் சொல் மட்டும் பயணப்பட்டால் போதும்.

பாரதி இதில் இன்னும் ஆழமாகப் போனவர். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக வேண்டும் என்று கேட்கும் நந்தனை ஆண்டை வைகிற கட்டம் ஒன்று உண்டு. அந்த மெட்டையே எடுத்து, சுதந்திரம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேயன் வைவதாகப் பாரதி ஒரு பாட்டு எழுதினார். கேட்பவன் மனதில் பழைய வசவு ஒலித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் புதிய வசவு வந்து விழும். பண்ணையில் நீ செய்தது நாட்டில் உனக்குச் செய்யப்படுகிறது என்று சொல் சொல்லாததை மெட்டு சொல்லிவிடுகிறது. இரவல் மெட்டுக்குக் கிடைக்கிற உயர்ந்த பயன் அதுதான்.

சோஃபியாவின் பாட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். ‘அனகோண்டா’ சதையையும் சந்தையையும் கூச்சமில்லாமல் கொண்டாடும் பாட்டு. முகப்பூச்சும் சோப்பும் விற்கும் ஒரு பெருநிறுவனத்தை அந்த மெட்டிலேயே கூப்பிட்டு நிறுத்தியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஆலை அமெரிக்காவிலிருந்து வந்தது, மெட்டும் அங்கிருந்தே வந்தது என்ற பொருத்தமும் உண்டு. ஆனாலும் பாரதி செய்த அந்த இரண்டாம் அடுக்கு இதில் முழுதாக உருவாகவில்லை. மெட்டு இங்கே ஒரு வண்டி. சொல்லை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடியது. போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சேர்த்தது. அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. இது என் தீர்ப்பு. அந்த வேகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாட்டு வந்த ஆண்டு அக்டோபரில் மூஞ்சிக்கல் டீக்கடையொன்றில் உட்கார்ந்திருந்தேன். மழை. பேச்சு பாட்டின் பக்கம் வந்தது. என் போனில் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முழுதும் பார்த்தார். அவருடைய மச்சான் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவராம். முடிந்ததும், “நல்லா வேகமா இருக்குண்ணே. நம்ம ஊரு பேரு வருது. என்னதான் சொல்லுது அந்தப் புள்ள?” என்றார். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இதத் தமிழ்லயே பாடிருந்தா எங்கக்காவும் கேட்ருக்கும்ல” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பால் போல்மனுக்குக் கேட்க வேண்டிய பாட்டு ஆங்கிலத்தில்தான் இருந்தாக வேண்டும், அது சரிதான். ஆனால் அந்த அக்காவுக்கு யார் பாடுவது?

ஒரு பாட்டின் வரவேற்பு என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். இருபது லட்சம் என்பது பார்த்தவர் கணக்கு. மலையிலிருந்து இறங்கினால் வரும் வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அதை வாசித்தவர்கள் சில நூறு பேர். அந்தச் சில நூறு பேரின் முன்னால்தான் தமிழ்ப் புதுக்கவிதை நின்று பேசக் கற்றுக்கொண்டது. வரிக்கு வரி வாதாட ஆட்கள் இருந்தார்கள். இது கவிதையா இல்லையா என்று கோபப்பட ஆட்கள் இருந்தார்கள். வரவேற்பு என்று நான் எண்ணுவது அதை. கொடைக்கானல் பாட்டுக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள், பகிர்ந்தவர்கள் கிடைத்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்தும் கிடைத்தது. வாதாட ஒருவரும் கிடைக்கவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கினோம். இசை விமர்சகர்கள் அதை இசையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பிரச்சாரப் பாட்டு பாட்டாகவும் நிற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழுவைக் காட்டுவேன். ஆல்டர்னேட்டிவ் ராக் என்ற பெயரில் அறியப்படும் குழு. 1990 பிப்ரவரியில் அவர்களுடைய ‘ப்ளூ ஸ்கை மைனிங்’ ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூம் என்ற ஊரைப் பற்றியது. அங்கே நீலக் கல்நார் தோண்டினார்கள். சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. ஆனால் அந்தத் தூசியை உள்ளிழுத்த சுரங்கத் தொழிலாளிகளும் அவர்கள் மனைவி மக்களும் பல பத்தாண்டுகள் கழித்தும் நுரையீரல் நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பம் ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு மே மாதம், முந்தைய ஆண்டில் அலாஸ்கா கடலில் எண்ணெய் கொட்டிய எக்ஸான் கம்பெனியின் நியூயார்க் அலுவலகத்துக்கு முன்னால் லாரியின் மேல் நின்று அந்தக் குழு பாடியது.

அந்த முதல் பாட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. மவுத்ஆர்கனில் ஆரம்பிக்கும். பாடுபவன் சுரங்கத் தொழிலாளி. கம்பெனியைத் திட்டவில்லை. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, வீட்டில் சாப்பாடு இருக்குமா, நான் படுத்துவிட்டால் கம்பெனி என்னைப் பார்த்துக்கொள்ளுமா என்ற கவலையைச் சொல்கிறான். கூலிக்காகப் போனவனுக்குக் கம்பெனி மேல் இருக்கும் நம்பிக்கையும் அதன் உள்ளே ஊறும் பயமும் ஒரே குரலில் வருகின்றன. குற்றச்சாட்டைக் கேட்பவனே எழுப்பிக்கொள்கிறான். அந்தப் பாட்டின் ஆற்றல் முழுவதும் அது ‘நான்’ என்று பேசுவதில்தான் இருக்கிறது.

இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய ‘மனுசங்கடா’ தமிழில் அப்படி நின்ற பாட்டு. அதில் பேசுபவர்கள் அடிபட்டவர்களே. அதனால்தான் சேரிக் கூட்டங்களில் அதைப் பாடியவர்கள் யாருடைய பாட்டையோ பாடுவதாக நினைக்கவில்லை.

கொடைக்கானல் பாட்டு ‘நீ’ என்று பேசும் பாட்டு. விரல் கம்பெனியை நோக்கி நீண்டிருக்கிறது. அந்த விரல் வேண்டியதுதான். ஆனால் ஆலைக்குள்ளே என்ன நடந்தது என்பதை உள்ளிருந்து சொல்லும் குரல் அதில் இல்லை. உடைந்த கண்ணாடியிலிருந்து சிதறும் வெள்ளித் துளிகளைக் கையால் கூட்டி அள்ளியவர்கள் இருந்தார்கள். பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. அது தெரியாமல் அதே ஆடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியவர்கள் இருந்தார்கள். குளிரில் நடுங்கும் ஊரில் மாதச் சம்பளமும் கம்பெனி பஸ்ஸும் கிடைத்த பெருமையும் அவர்களுக்கு இருந்தது. என் சின்ன வயதில் ஆஸ்பத்திரி தெர்மாமீட்டர் ஒன்று உடைந்தபோது அந்த மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறேன். எவ்வளவு அழகாக இருந்தது என்பது இன்னும் கையில் இருக்கிறது. பாதரசத்தின் கொடுமையைப் பாடுகிறவர்கள் அந்த அழகையும் பாட வேண்டும். அழகாக இருந்ததால்தானே கை போனது.

2018இல் இரண்டாவது பாட்டு வந்தது. பெயர் ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. சோஃபியாவோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்திருந்தார்கள். இயக்கம் மறுபடி ரதீந்திரன் பிரசாத். இடையில் 2017 தொடக்கத்தில் இதே ரதீந்திரனும் கிருஷ்ணாவும், கபேர் வாசுகியின் சொற்களைக் கொண்டு, எண்ணூர்க் கழிமுகத்துக்காக ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ செய்திருந்தார்கள். அதில் சாம்பல் மூடிய கழிமுகத்தில் முகமூடியணிந்து நின்று கிருஷ்ணா ராகங்களை விரித்தபோது, புறம்போக்கு என்ற வசைச்சொல் பொதுநிலம் என்ற தன் பழைய பொருளுக்குத் திரும்பியது. ஒரு சொல்லைப் பாட்டு மீட்டெடுத்ததைக் கண்முன் பார்த்தோம். அந்த அனுபவத்தோடு கொடைக்கானலுக்கு வந்தார்கள். கர்நாடக இசைக் குரலும் ராப்பும் மோதி நின்றன. தமிழ் உள்ளே வந்தது.

இந்த முறை பேச்சு மண்ணைப் பற்றி. ஆலை நிலத்தில் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பது கம்பெனி தூய்மைப்படுத்தலுக்கு முன்வைத்த அளவு. பிரிட்டனில் குடியிருப்பு நிலமாக இருந்தால் இதைவிடப் பன்மடங்கு கடுமையான அளவு கேட்பார்கள், அங்கொரு மண் இங்கொரு மண்ணா என்பது போராடியவர்களின் வாதம். எண்ணிக்கைக்குள் ஒளிந்திருக்கும் பாகுபாட்டைப் பாட்டாக்குவது எளிதல்ல. உடம்பு நடுக்கத்தைப் பாடலாம், மில்லிகிராமை எப்படிப் பாடுவது? அந்தக் கடினமான வேலையை எடுத்துக்கொண்டதாலேயே இரண்டாவது பாட்டு முதலதைவிட மேலானது என்பது என் முடிவு. மெட்டும் குரல்களும் இந்த மண்ணோடு உறவு கொண்டவை. நிதானம் இருக்கிறது.

முதலதைப் போல அது பரவவில்லை. அந்த ஆண்டு கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தது. 2006க்குப் பிறகு அப்போதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீலத்தைப் பார்க்க ஊரெல்லாம் மலையேறியது. மினமாட்டா உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் ஏறிய மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களின் பெயரால் உலகம் செய்துகொண்ட உடன்படிக்கை அது. மலையில் பூவும் பாட்டும் ஒரே பருவத்தில் வந்திருந்தன. பூவைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் நிறைய வந்தன. நானும் ஒன்று எழுதினேன். பாட்டைப் பற்றி எழுதவில்லை. அந்தத் தவறை இப்போது திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் ஒரு பாட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ‘நான்’ என்று தொடங்கும் பாட்டு. ஆலையில் வேலை பார்த்த ஒருவர் தன் பேரனுக்குச் சொல்வதுபோல, மூஞ்சிக்கல் தமிழில். இன்று அதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்று காட்டிவிட்டது. பறையும் கிதாரும் பழகிக்கொண்டன. தமிழில் ராப் எழுதுகிறவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் வந்துவிட்டார்கள். திண்டுக்கல்லிலும் தேனியிலும்கூட இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் மூஞ்சிக்கல்லில் இறங்கலாம். தெர்மாமீட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் யார் என்று எந்தக் கடையில் கேட்டாலும் வீடு காட்டுவார்கள். போய் உட்காருங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், பிறகு மெட்டைத் தேடுங்கள். அவர்களுக்கெல்லாம் வயதாகிக்கொண்டிருக்கிறது.